காலியாக விட்ட கட்டம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குத் தெற்கே, சோமேசுவரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பத்தடி அகலமுள்ள கடை ஒன்று இருக்கிறது. வத்தல், வடாம், அப்பளம், பொடி வகைகள், ஊறுகாய் என நாற்பத்து மூன்று பொருள்கள் அங்கே விற்பனைக்கு உண்டு. கணவர் தொடங்கிய கடையை அவருடைய மறைவுக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அம்மாள்தான் நடத்திவருகிறார். வயது அறுபத்தொன்று. வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராகப் பணிபுரியும் மருமகள் சனி, ஞாயிறுகளில் கணக்குப் பார்ப்பார். 2020 ஊரடங்கின்போது கடைக்கு ஓர் இணையப் பக்கத்தை அமைத்தவரும் அவரே. ஒவ்வொரு பொட்டலத்தையும் முன்னும் பின்னுமாகப் படமெடுத்து ஏற்றி, அடியில் விலையை மட்டும் எழுதியிருந்தார். பெயர், எடை, சேர்பொருள்கள் எல்லாமே பொட்டலத்தின் மேல் அச்சாகியிருந்ததால் அவற்றை மீண்டும் தட்டச்சு செய்யவேண்டிய தேவை அன்று தோன்றவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு நாள், மைசூருக்குக் குடிபெயர்ந்துவிட்ட பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, மணத்தக்காளி வத்தல் கேட்டா சுண்டைக்காயை அனுப்பிட்டீங்களே?"

"நான் எதுவும் அனுப்பலையேம்மா. உங்க ஆர்டரே வரலையே."

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அவருடைய மகன் தன் கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு முகவரிடம், அம்மா வழக்கமாக வாங்கும் அல்சூர்க் கடையின் மணத்தக்காளி வத்தலை அரைக் கிலோ தருவிக்கும்படி சொல்லியிருக்கிறார். முகவர் கடையின் பக்கத்தைக் கண்டுபிடித்தும் இருக்கிறது. ஆனால் அங்கே எழுத்தாக இருந்தவை விலைகள் மட்டுமே. வேறெங்கோ அதே சாயலில் பெயர் கொண்ட ஒரு பொருளைத் தேர்ந்து, வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிவிட்டது. இருபது ஆண்டுப் பழக்கம் அறுந்தது. அறுந்ததை இரு தரப்பும் அறியவில்லை. கடைக்காரர் ஒரு விற்பனையை இழந்ததோடு, தான் விற்காத சுண்டைக்காய்க்குப் பழியையும் ஏற்கவேண்டியிருந்தது.

அன்றிரவு மருமகள் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் மூன்று பத்திகளுக்குக் கோடு கிழித்தார். முகவர்களோடு ஒத்துழைக்கக்கூடிய விற்பனைத் தளம் எது என்ற வினாவை அந்தக் குடும்பம் எதிர்கொண்டது அப்படித்தான்.

இவ்வினா அந்தக் கடைக்கு மட்டும் உரியதன்று. 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ, ஸ்ட்ரைப் ஆகிய நிறுவனங்கள் முகவர் வழி வணிகத்துக்கென ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டன. அக்டோபரில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரேசர்பே, தேசியக் கொடுப்பனவுக் கழகம், ஓப்பன்ஏஐ மூன்றும் இணைந்து, உரையாடலுக்குள்ளேயே யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் சோதனை முயற்சியை அறிவித்தன. முதலில் இணைந்த வணிகர்களுள் ஒன்று, இதே நகரில் 2011இல் தோன்றிய பிக்பாஸ்கெட். 2026 சனவரியில் கூகுள் தன் பங்குக்கு இன்னொரு நெறிமுறையை முன்வைத்தது. இவ்வளவும் நடந்துகொண்டிருந்த நகரத்தில்தான், ஏரிக்குத் தெற்கே ஒரு கடையின் பெயர்ப்பலகையை மனிதர்களால் மட்டும் வாசிக்க முடிந்தது.

குறிப்பேட்டின் முதல் பத்தி, கடை ஏற்கெனவே சில பொருள்களை விற்றுவந்த பெரிய சந்தைத் தளம். அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பொருள்களுக்குப் பெயரிடும் உரிமை தளத்தின் வகைப்பாட்டு மரத்திடம் இருக்கிறது. வத்தலுக்கு அந்த மரத்தில் கிளை இல்லை. ஊறுகாயில் வைப்பதா, நொறுக்குத் தீனியில் வைப்பதா என்ற கேள்விக்கு இரண்டாவதே விடையாகியிருந்தது. மேலும், வெளியிலிருந்து வரும் முகவர்களை இத்தகைய தளங்கள் உள்ளே விடுமா என்பதே வழக்காகியுள்ள காலம் இது. பெர்ப்ளெக்சிட்டியின் கோமெட் உலாவி பயனர்களுக்காகத் தன் தளத்தில் பொருள் வாங்குவதை எதிர்த்து அமேசான் 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தை நாடியது. சந்தைக்குள் கடை வைத்திருப்பவருக்குச் சந்தையின் வாயிற்கதவு சொந்தமில்லை.

இரண்டாவது பத்தி, ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒன்றைக் கொண்டு நடத்தும் சொந்தக் கடை. இதில் கூட்டத்தைத் தானே சேர்க்கவேண்டும். ஆனால் பொருளைப் பற்றிய செய்தியை இயந்திரம் வாசிக்கும் வடிவில் தானே எழுதலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்னும் பொதுச் சொற்றொகுதி இதற்குப் பயன்படுகிறது. 'பொருள்', 'விலை முன்மொழிவு', 'இருப்பு' எனத் தனித்தனிக் குறியீடுகள் அதில் உண்டு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. போன்ற இணைப்பு நெறிமுறைகள் வழியாக, பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதுபோல் ஊகிக்காமல், கடையின் பட்டியலையே முகவர் நேரடியாகக் கேட்டறியவும் முடியும்.

மூன்றாவது பத்தி ஓ.என்.டி.சி. எனப்படும் திறந்த வலையமைப்பு. 2021 டிசம்பர் 31 அன்று நிறுவப்பட்டு, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனைக்கு வந்தது. அவற்றுள் பெங்களூரும் கோயம்புத்தூரும் அடங்கும். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பெங்களூரின் சில பகுதிகளில் பொதுமக்கள் பயன்படுத்திப் பார்க்கும் நிலை வந்தது. இதில் வாங்கும் செயலி வேறு, விற்கும் செயலி வேறு. இரண்டும் ஒரே நிறுவனத்துக்குரியனவாக இருக்கவேண்டியதில்லை. நடுவில் இருப்பது பெக்கான் என்னும் நெறிமுறை. பெங்களூர் ஆட்டோ ஓட்டுநர்கள் பயன்படுத்தும் நம்ம யாத்ரிக்கும் அடித்தளம் அதுவே.

மொழியியல் பயின்றவர்கள் பெக்கானைப் பார்த்தால் அதில் ஒரு சிறிய இலக்கணத்தைக் காண்பார்கள். தேடு, தேர்ந்தெடு, தொடங்கு, உறுதிசெய், நிலை கூறு, மாற்று, விலக்கு என எண்ணிவிடக்கூடிய சில வினைகளே முழு வணிகத்தையும் தாங்குகின்றன. ஒவ்வொரு வினைக்கும் மறுபக்கத்திலிருந்து ஒரு மறுமொழி வந்தாகவேண்டும். இவற்றுள் 'உறுதிசெய்' என்பது வெறும் செய்தி கூறும் சொல் அன்று. சொல்லப்படும்போதே செயலாகிவிடும் சொல். ஜே.எல். ஆஸ்டின் இத்தகைய கூற்றுகளை ஆராய்ந்த நூல் 1962இல் வெளிவந்தது. 'சம்மதம்' என்று சொல்வதற்குச் சொல்பவருக்கு உரிமை இருக்கவேண்டும் என்பது அவர் காட்டிய நிபந்தனைகளுள் ஒன்று. முகவர் உறுதிசெய்யும்போது பேசுபவர் யார் என்பதுதான் இன்று கொடுப்பனவு அமைப்புகள் விடைகாண முயலும் கேள்வி. ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த வரம்புக்குள் மட்டும் செலவிட விடும் யு.பி.ஐ. வசதி அதற்கான விடைகளுள் ஒன்று.

மருமகள் இவற்றையெல்லாம் விளக்கியபோது மாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"அது நம்மகிட்ட கேள்வி கேக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய நிகழ்ச்சி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தாய் சாம்பார்ப் பொடி வாங்க வந்தார். அவருடைய குழந்தைக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாது. பொடியில் மிளகாய், மல்லி, பருப்பு, வெந்தயம், பெருங்காயம் என்றுதான் இருக்கும், கோதுமைக்கு அங்கே என்ன வேலை என்று எவரும் நினைப்பர். ஆனால் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். பேச்சுவாக்கில் குழந்தையைப் பற்றித் தெரியவந்ததால் அன்று விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் பின் முதன்முறை பொடி வாங்குபவர் எவரானாலும், "வீட்டுல யாருக்காவது கோதுமை ஆகாதா?" என்று கேட்காமல் அந்த அம்மாள் பொட்டலத்தைக் கொடுப்பதில்லை.

மருமகள் தொழில்முறைச் சோதனையாளர். மூன்று இடங்களிலும் மாதிரிப் பட்டியல் ஒன்றை ஏற்றி, வெவ்வேறு முகவர்களிடம் ஒரே கேள்வியைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் பார்த்தார். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு இந்தச் சாம்பார்ப் பொடியைத் தரலாமா? முதலில், பெரிய சந்தைத் தளத்தில் பல ஆண்டுகளாக இருந்த பழைய பட்டியலை வைத்தே கேட்டார். விடை உடனே வந்தது: சேர்பொருள்களில் கோதுமை குறிப்பிடப்படவில்லை, எனவே தரலாம்.

மாமியார் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பொட்டலத்தின் பின்புறத்தில், 2020ஆம் ஆண்டின் உணவுப் பொருள் முகப்புச்சீட்டு ஒழுங்குமுறை கேட்கும்படி, 'கோதுமை உண்டு' என்று அச்சிட்டே இருந்தது. அது படத்தில் இருந்தது. ஒவ்வாமைப் பொருள்களுக்குரிய கட்டமோ காலியாக இருந்தது.

இயந்திரம் மூடத்தனமாக நடந்துகொண்டது என்று சொல்லித் தப்பிப்பது எளிது. உண்மையில் அது நல்ல வாசகரைப் போலவே நடந்துகொண்டது. பால் கிரைஸ் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியபடி, பேசுபவர் தேவையான அளவு செய்தியைத் தருவார் என்ற நம்பிக்கையில்தான் உரையாடல் நடக்கிறது. முக்கியமான ஒன்று இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லவில்லை, ஆகவே இல்லை. இந்த ஊகத்தை மனிதர்களும் நாள்தோறும் செய்கிறோம். வேறுபாடு ஒன்றுதான். கல்லாவுக்கு முன் நிற்கும் மனிதருக்கு ஐயம் வந்தால் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் விற்பவர் முகத்தைப் பார்த்துத் தானே கேட்பார். காலியான கட்டத்தின் முன் நிற்கும் முகவருக்கு, அதைத் திருத்த எதிரில் ஒருவர் இல்லை. 'இல்லை' என்பதும் 'சொல்லப்படவில்லை' என்பதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. வினாவும் விடையும் வழுவாமல் காக்கப்படவேண்டும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வற்புறுத்துகிறது. விடை சொல்லவேண்டியவரின் மௌனத்தையே விடையாக எடுத்துக்கொள்ளும் ஒரு வாசகர் வருவார் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அன்று மாலை சந்தைத் தளத்திலிருந்து சாம்பார்ப் பொடி நீக்கப்பட்டது. அந்தத் தளத்தின் வழி விற்ற பொருள்களுள் அதற்குத்தான் வரவேற்பு அதிகம். நீக்கியதற்காக எவரும் வற்புறுத்தவில்லை. புகார் எதுவும் வந்திருக்கவுமில்லை.

குறிப்பேட்டின் கேள்விகள் அதன்பின் மாறின. 'முகவர்களுக்கு ஏற்ற தளம்' என்ற விளம்பர வாசகம் இப்போது எல்லாத் தளங்களிலும் இருப்பதால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மருமகள் எழுதிய கேள்விகள் ஆறு. பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை நாமே தர முடியுமா? தளம் தராத கட்டத்தை நாமே சேர்க்க முடியுமா? 'தெரியவில்லை, கேளுங்கள்' என்று எழுத இடம் உண்டா? முகவருக்கு ஐயம் வந்தால் கேள்வி நம்மை வந்தடையுமா? விலையும் இருப்பும் மாறினால் அந்த நொடியே தெரியவருமா? நாளை வேறிடம் போனால் பட்டியலை முழுமையாக எடுத்துச் செல்லலாமா?

முதல் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் மார்கழியில் நிகழ்ந்த பிசகுக்குக் காரணம் அதுதான். தமிழ் எழுத்தில் மணத்தக்காளிக்கு வழக்கமான ஒரு வடிவமாவது உண்டு. உரோமன் எழுத்தில் அதே சொல்லை இரட்டை 'க'வோடும் ஒற்றை 'க'வோடும், 'த'வுக்கு ஓரெழுத்திட்டும் ஈரெழுத்திட்டும், 'மணித்தக்காளி' என்ற வழக்கைப் பின்பற்றியும் பலவாறு எழுதுகிறார்கள். பெங்களூரின் கன்னட வீடுகளில் அக்கீரை 'கணிகெ சொப்பு' அல்லது 'காகெ சொப்பு', இந்தியில் 'மகோய்'. வடாத்துக்குக் கன்னடத்தில் 'சண்டிகெ'. இருமொழி மக்கள் வந்துபோகும் கல்லாவில் இவையெல்லாம் இயல்பாகப் புழங்கும். பட்டியலில் ஒன்றுக்குத்தான் இடமென்றால் மற்றவற்றைச் சொல்லித் தேடுபவர்களுக்குக் கடை இல்லாததாகிவிடும்.

ஆங்கிலப் பெயர் இன்னும் சிக்கலைத் தந்தது. மணத்தக்காளி ஆங்கிலத்தில் 'பிளாக் நைட்ஷேட்'. நஞ்சுக்குப் பேர்போன அட்ரோபா பெல்லடோனா என்னும் செடி 'டெட்லி நைட்ஷேட்'. இரண்டும் கத்தரிக் குடும்பத்தவை. ஆனால் பேரினம் வேறு, செடி வேறு. மாதிரிப் பட்டியலில் ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துக் கேட்டபோது, ஒரு முகவர் இது நச்சுத்தன்மை உடையதாக இருக்கலாம், வாங்கவேண்டாம் என்று எச்சரித்தது.

"வாய்ப்புண்ணுக்குக் குடுக்கிற கீரையை விஷம்னு சொல்லுதா? அந்த இங்கிலீஷ் பேரே வேண்டாம், எடுத்துடும்மா" என்றார் மாமியார்.

"எடுத்தா இங்கிலீஷ்ல தேடுறவங்களுக்குக் கிடைக்காது அத்தை. பக்கத்துலயே தாவரப் பேரையும் போட்டுடலாம்."

அப்படியே செய்யப்பட்டது. சொலானம் நைக்ரம் என்ற தாவரவியல் பெயரோடு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் நான்கும் ஒரே பொருளின் கீழ் எழுதப்பட்டன. அதன்பின் அதே முகவரிடம் கேட்டபோது எச்சரிக்கை வரவில்லை.

ஆறு கேள்விகளுக்கும் எந்த ஓர் இடமும் முழு மதிப்பெண் பெறவில்லை. சொந்தக் கடை மென்பொருளில் பெயர்களுக்கும் புதிய கட்டங்களுக்கும் தடையில்லை; பட்டியலை எடுத்துச் செல்லவும் முடியும். ஆனால் தேடிவருபவர் குறைவு. ஓ.என்.டி.சி. வழியில் ஒரே பட்டியல் பல வாங்கும் செயலிகளுக்குப் போய்ச்சேரும். பொட்டலப் பொருளுக்குச் சட்டம் கேட்கும் விவரங்களையும் அது கேட்டுப் பெறுகிறது. ஆனால் அங்கே கட்டங்கள் நெறிமுறை வகுத்தவை. எழுத விரும்புவதையெல்லாம் எழுத இடமில்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே இரண்டு நிறுவனங்கள் இருப்பதால், தவறு நேர்ந்தால் யாரிடம் போவது என்ற குழப்பத்துக்கும் வாய்ப்புண்டு.

இறுதியில் எடுத்த முடிவு இதுதான். பட்டியலின் மூலப்படி சொந்தக் கடையில் இருக்கும். அதிலிருந்து ஒரு விற்பனைச் செயலி மூலம் ஓ.என்.டி.சி.க்குப் போகும். பெரிய சந்தைத் தளத்தில் அப்பளம் மட்டும் தொடரும்; அதற்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. கூட்டுப் பெருங்காயம் சேரும் பொருள்களை முகவர் நேரடியாக உறுதிசெய்ய முடியாது. முதலில் கேள்வியாக வரும். கடையிலிருந்து விடை போன பிறகே பணம் செலுத்தும் வழி திறக்கும். இதனால் சில விற்பனைகள் பாதியில் நின்றுபோகும் என்று மருமகள் எச்சரித்தார். மாமியார் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்து மூன்று பொருள்களுக்கும் கட்டங்களை நிரப்ப ஐந்து வாரங்கள் ஆயின. இரவு உணவுக்குப் பின் மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினார். எந்த ஊர் மிளகாய், உப்பு எவ்வளவு, மோரில் எத்தனை நாள் ஊறியது, எத்தனை வெயில் கண்டது எனக் கல்லாவில் கேட்டால் மட்டும் வாய்வழி வந்துகொண்டிருந்தவை முதன்முறையாக எழுத்தாயின. இயந்திரத்துக்காகத் தொடங்கிய பதிவு, அந்தக் குடும்பத்தின் சமையல் அறிவுக்கு ஓர் அகராதியாகவும் அமைந்துவிட்டது.

தை மாத இறுதியில் ஒரு காலை, முகவர் வழியாக ஒரு கேள்வி வந்தது. சாம்பார்ப் பொடியில் கோதுமை இருப்பதாகத் தெரிகிறது. பெருங்காயம் சேர்க்காமல் அரைத்துத் தர இயலுமா, வீட்டில் ஒரு குழந்தைக்குக் குளூட்டன் ஆகாது. மருமகளுக்குப் பெருமகிழ்ச்சி. அமைப்பு எதற்காகச் செய்யப்பட்டதோ அது நடந்துவிட்டது. நாற்பத்து நான்காவது பொருளாகப் பெருங்காயம் சேர்க்காத பொடியையும் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்றார்.

மாமியார் கேள்வியோடு வந்த எண்ணுக்குத் தானே தொலைபேசியில் பேசினார்.

"அரைச்சுத் தரலாம்மா. ஆனா நாங்க குடுக்கிற மில்லுல கோதுமையும் அரைப்பாங்க. அதனால குழந்தைக்கு வேண்டாம். மல்லி, மிளகாய் வாங்கி வீட்டு மிக்சியிலயே பொடிச்சுக்குங்க. அளவு நான் சொல்றேன்."

பத்து நிமிடம் அளவு சொன்னார். விற்பனை நடக்கவில்லை.

அன்று மாலை மருமகள் பட்டியலைத் திறந்தார். கோதுமைக்குரிய கட்டம் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். சொந்தக் கடையில் இருந்த வசதியைக் கொண்டு, 'அரைக்கும் இடம்' என்று புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்து, பொடி வகைகள் அனைத்துக்கும் ஒரே வாக்கியத்தை எழுதினார்: கோதுமையும் அரைக்கப்படும் மில்லில் அரைத்தது, ஐயமிருந்தால் கடையைக் கேட்கவும்.